மெயில் காணாமல் போனால் எங்கே தேடுவது: ஏலக்காய்க் கடைக் கணினிகளுக்கான செய்முறை

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பக்கத்து ஏலக்காய் வியாபாரத்தில் தோட்டமும் ஸ்டோரும் (காய் உலர்த்தும் கூடம்) மேலே கேரள மலையில் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ இருக்கும். கடையும் கணக்கும் கீழே இருக்கும். ஏல லாட் விவரம், ஜிஎஸ்டி பில், எல்லை தாண்டும் சரக்குக்கான இ-வே பில் நகல், வங்கித் தகவல் எல்லாம் ஒரே மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வரும். அந்த முகவரியைக் கடைக் கணினி, ஸ்டோர் கணினி, முதலாளியின் கைப்பேசி என்று மூன்று இடங்களில் திறந்து வைத்திருப்பார்கள். நேற்றுப் பார்த்த மெயில் இன்றைக்கு இல்லை என்ற புகார் இத்தகைய அலுவலகங்களில்தான் அதிகம் எழுகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதும் இந்த மூன்று இடத்து ஏற்பாடுதான். கடைகளில் பரவலாக உள்ள, மெயில் பார்க்கும் தண்டர்பேர்டு மென்பொருளையும் ஜிமெயில் முகவரியையும் வைத்து இங்கே விளக்குகிறேன். அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு மாறுபடும் இடங்களை ஒரு பத்தியில் தனியே சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: எதையும் தொடாமல் பிரௌசரில் பாருங்கள்

மெயில் காணவில்லை என்றதும் பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், அல்லது கண்ணில் படும் 'ரிப்பேர்' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மீட்டிருக்கக்கூடிய மெயில் உண்மையிலேயே அழிந்துபோவது பல நேரங்களில் அப்போதுதான். ஆகவே முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் ஜிமெயிலைத் திறந்து, அனுப்பியவரின் முகவரியை வைத்துத் தேடுங்கள். தலைப்பை வைத்துத் தேட வேண்டாம். கேரளப் பக்கத்திலிருந்து வரும் மெயில்களின் தலைப்பு மலையாளத்தில் இருக்கலாம், அல்லது தலைப்பே இல்லாமல் வெறும் இணைப்பாக வந்திருக்கலாம். முகவரி மட்டும் மாறாது.

பிரௌசரில் மெயில் இருந்தால் அது சர்வரில், அதாவது மெயில் சேவை நிறுவனத்தின் கணினியில், பத்திரமாக இருக்கிறது என்று பொருள். கோளாறு உங்கள் கணினி அதைக் காட்டும் விதத்தில்தான், இரண்டாம் படியும் ஆறாம் படியும் உங்களுக்குப் போதும். பிரௌசரிலும் இல்லையென்றால் மூன்றாம் படியிலிருந்து வரிசையாகப் பாருங்கள். அதற்கு முன்பாக, இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்து, 'ஹெல்ப்' பட்டியலில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்பதைச் சொடுக்கி, 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிக்கு எதிரேயுள்ள பொத்தானை அழுத்துங்கள். உங்கள் மெயில்கள் அனைத்தும் அடங்கிய கோப்புறை திறக்கும். அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை மறுபடி மூடியபின், அந்தக் கோப்புறையை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். கால் மணி நேரம் பிடித்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

இரண்டாம் படி: மறைந்திருக்கிறதா என்று பாருங்கள்

பட்டியலுக்கு மேலே 'குயிக் ஃபில்டர்' என்ற பட்டை உண்டு. அதில் 'அன்ரெட்' என்பது அழுந்தியிருந்தால் படிக்காத மெயில்கள் மட்டுமே தெரியும். ஒன்றைப் படித்துவிட்டு வேறு கோப்புறைக்குப் போய்த் திரும்பினால் அது பட்டியலில் இருக்காது. பட்டையின் ஓரத்தில் உள்ள குண்டூசிப் படம் அழுந்தியிருந்தால் இந்தச் சல்லடை எல்லாக் கோப்புறைகளுக்கும் தொடரும். இரண்டையும் விடுவித்துவிடுங்கள். 'வியூ' பட்டியலில் 'த்ரெட்ஸ்' என்பதன் கீழ் 'ஆல்' தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது தேதி. தண்டர்பேர்டு வழக்கமாக அனுப்பியவரின் கணினி சொல்லும் தேதியை வைத்தே மெயில்களை வரிசைப்படுத்துகிறது. மேலே ஸ்டோரில் உள்ள பழைய கணினியின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் அதன் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அங்கிருந்து இன்று அனுப்பிய லாட் விவரம் உங்கள் பட்டியலின் அடிமட்டத்தில் பழைய மெயில்களோடு போய் உட்கார்ந்திருக்கும். பட்டியலின் தலைப்பு வரியில் வலப்புறச் சொடுக்கில் 'ரிசீவ்டு' என்ற நெடுவரிசையைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். மெயில் உண்மையில் வந்து சேர்ந்த நேரப்படி மேலே வந்துவிடும். ஸ்டோர் கணினிக்குப் புது பேட்டரியும் போட்டுவிடுங்கள், காசு பிடிக்காத வேலைதான்.

மூன்றாம் படி: பாப் கணக்கா, ஐமேப் கணக்கா?

'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' திறந்து, உங்கள் முகவரியின் கீழ் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'சர்வர் டைப்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'பாப்' என்றிருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

பாப் என்ற நெறிமுறை 1984-இல் வந்தது. ஒரு மனிதர், ஒரு கணினி என்ற காலம் அது. தபால்காரர் பையிலிருந்து கடிதத்தை எடுத்து வீட்டில் போட்டுவிட்டுப் போவது போல, சர்வரிலிருந்து மெயிலைக் கணினிக்கு இறக்கிவிட்டு, சர்வரில் அதை நீக்கிவிடுவதுதான் அதன் இயல்பான நடத்தை. ஐமேப் என்பதை 1986-இல் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். அதில் மெயில் சர்வரிலேயே இருக்கும். ஒவ்வொரு கணினியும் அதே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது கடைக் கணினி பாப் முறையிலும், ஸ்டோர் கணினியும் பாப் முறையிலும் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஸ்டோரில் கணினியைப் போட்டதும் இரவு வந்த மெயில்கள் அங்கே இறங்கிவிடும். சர்வரில் பிரதி விடச் சொல்லும் அமைப்பு இல்லாவிட்டால், ஒன்பதரைக்குக் கடை திறப்பவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. மெயில் தொலையவில்லை, மலைமேல் இருக்கிறது. ஆகவே பாப் கணக்கு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், அதே முகவரி திறந்திருக்கும் மற்றக் கணினிகளில் தேடச் சொல்லி ஒரு போன் போடுவது.

இன்னொரு வகையும் உண்டு. 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்ற வரி டிக் ஆகியிருக்கும். அதன் கீழே 'ஃபார் அட் மோஸ்ட் 14 டேஸ்' என்ற வரியும் சேர்ந்தே டிக் ஆகியிருந்தால், 14 நாள் ஆனதும் அந்தக் கணினி சர்வரில் உள்ள பிரதியை நீக்கச் சொல்லிவிடும். கைப்பேசியில் இரண்டு வாரம் தெரிந்துகொண்டிருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன என்று முதலாளி சொன்னால், இந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கும் கீழே 'அன்டில் ஐ டிலீட் தெம்' என்ற வரி இருந்தால், கடையில் ஒருவர் குப்பை என்று நினைத்து நீக்கும் மெயில் சர்வரிலிருந்தும் போய்விடும். முதல் வரியை மட்டும் டிக் செய்து, கீழே உள்ள இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

இது பாப் கணக்குக்கு உரிய ஒட்டு வேலைதான். ஒரே முகவரியை மூன்று இடங்களில் பார்ப்பவர்கள் ஐமேப்புக்கு மாறுவதே சரி என்பது என் முடிவான கருத்து; மாறும் முறையைக் கடைசியில் சொல்கிறேன். ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் பிரௌசரில் ஜிமெயில் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங் அண்டு பாப்/ஐமேப்' பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாப் வழியே மெயில் எடுக்கப்பட்ட பிறகு ஜிமெயிலில் உள்ள பிரதியை என்ன செய்வது என்று அங்கே ஒரு தேர்வு இருக்கும். அது நீக்கு என்றோ ஆர்க்கைவ் செய் என்றோ இருந்தால், இன்பாக்ஸில் வைத்திரு என்பதற்கு மாற்றுங்கள்.

நான்காம் படி: ட்ராஷ், ஸ்பாம், ஆல் மெயில்

கைப்பேசியின் ஜிமெயில் செயலியில் விரல் பக்கவாட்டில் பட்டு இழுபட்டாலே மெயில் ஆர்க்கைவுக்குப் போய்விடும். மலைப்பாதையில் பேருந்தில் நின்றுகொண்டு மெயில் பார்ப்பவர்களுக்கு இது சாதாரணமாக நடக்கும். ஆர்க்கைவ் ஆனது அழியாது. 'ஆல் மெயில்' என்ற கோப்புறையில் இருக்கும். ஸ்பாமிலும் ட்ராஷிலும் உள்ளவை 30 நாளில் தாமாகவே அழிக்கப்படும் என்பதால், அந்த இரண்டையும் தாமதிக்காமல் பார்த்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் சொந்தப் பெயரில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் முகவரி இருந்தால், ட்ராஷிலிருந்தும் அழிந்த பிறகு மேலும் 25 நாள் வரை உங்கள் அட்மினால் அதை மீட்டுத் தர முடியும்.

மெயில் வரவே இல்லை என்றால் இடம் தீர்ந்திருக்கலாம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான். வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் சேர்கிறது. நிறைந்துவிட்டால் வரும் மெயில்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

ஐந்தாம் படி: யாராவது விதி போட்டிருக்கிறார்களா?

தண்டர்பேர்டில் 'டூல்ஸ்' பட்டியலில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' திறந்து பாருங்கள். முன்பு வேலை பார்த்த கணக்கர் போட்ட விதி ஒன்று, ஒருவரின் மெயில்களை இன்னொரு கோப்புறைக்கு நகர்த்திக்கொண்டிருக்கலாம். கோப்புறையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'ரிடென்ஷன் பாலிசி' என்ற பக்கமும் உண்டு. இத்தனை நாளுக்கு மேற்பட்டதை நீக்கு என்று அங்கே இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிரௌசரில் ஜிமெயில் அமைப்புகளிலும் 'ஃபில்டர்ஸ் அண்டு பிளாக்டு அட்ரசஸ்', 'ஃபார்வர்டிங்' ஆகிய பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் கடவுச்சொல் வெளியாட்கள் கையில் சிக்கியிருந்தால், அவர்கள் செய்யும் முதல் வேலை ஒரு விதி போடுவதுதான்: பில், பேமென்ட் போன்ற சொற்கள் உள்ள மெயில்களைத் தங்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, உங்கள் இன்பாக்ஸிலிருந்து ட்ராஷுக்குத் தள்ளிவிடுவார்கள். பிறகு உங்கள் பெயரில் வாங்குபவருக்கு வேறொரு வங்கிக் கணக்கு எண் போகும். நீங்கள் போடாத விதியோ, தெரியாத முகவரிக்கு ஃபார்வர்டோ இருந்தால், முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பின் நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணம் ஏற்கெனவே தவறான கணக்குக்குப் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் கொடுங்கள். எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்து அழைத்தாலும் எண் அதுவே.

ஆறாம் படி: இண்டெக்ஸைச் சரிசெய்தல்

தண்டர்பேர்டு ஒரு கோப்புறையின் எல்லா மெயில்களையும் ஒரே நீண்ட கோப்பில் எழுதி வைக்கிறது. பக்கத்தில் அதே பெயரோடு எம்.எஸ்.எஃப் என்று முடியும் சிறிய இண்டெக்ஸ் கோப்பு ஒன்றும் இருக்கும். திரையில் நீங்கள் பார்ப்பது இண்டெக்ஸைத்தான். மழைக்காலத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் இண்டெக்ஸ் கெட்டுப்போய், கோப்பில் உள்ள மெயில் திரையில் தெரியாமல் போகலாம். கோப்புறை மீது வலப்புறச் சொடுக்கில் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்தினால் இண்டெக்ஸ் புதிதாக எழுதப்படும்.

ஒரு எச்சரிக்கை. பாப் கணக்கில் இந்தப் பொத்தான் கணினியில் உள்ள கோப்பை வைத்தே வேலை செய்யும். ஐமேப் கணக்கில் அது சர்வரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். சர்வரில் இல்லாத மெயிலின் கணினிப் பிரதியும் அதோடு போய்விடலாம். முதல் படியில் பிரௌசரைப் பார்க்கச் சொன்னதும், பென்டிரைவில் நகல் எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

ஒரு நாள் காலையில் இன்பாக்ஸ் முழுவதுமே காலியாக இருந்தால் ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். ஒரு மெயிலில் வைரஸ் இருந்தாலும், எல்லா மெயிலும் ஒரே கோப்பில் இருப்பதால், அது கோப்பையே தூக்கி 'குவாரன்டைன்' பகுதியில் போட்டுவிடும். அங்கிருந்து மீட்டெடுத்து, புரொஃபைல் கோப்புறையை ஸ்கேன் செய்யாதபடி விலக்கு அளியுங்கள்.

ஏழாம் படி: நீக்கியதை மீட்டல்

இது பாப் கணக்குகளுக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கும் உரியது. ஒரு மெயிலை நீக்கும்போது தண்டர்பேர்டு அதை உடனே அழிப்பதில்லை. நீக்கப்பட்டது என்று ஒரு குறி மட்டும் போடுகிறது. கோப்பைச் சுருக்கும் 'கம்பேக்ட்' வேலை நடக்கும்போதுதான் அது உண்மையில் அழிகிறது. தேடும் மெயில் கிடைக்கும் வரை கம்பேக்ட் செய்யச் சொல்லி எந்தக் கேள்வி வந்தாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

தண்டர்பேர்டை மூடிவிட்டு, நகலெடுத்த கோப்புறையில் 'மெயில்' என்பதற்குள் 'இன்பாக்ஸ்' என்ற, பின்னொட்டு இல்லாத கோப்பை நோட்பேடு பிளஸ் பிளஸ் போன்ற எடிட்டரில் திறந்து, அனுப்பியவரின் முகவரியைத் தேடுங்கள். மெயிலின் தலைப்பகுதியில் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அதில் 0009 என்றிருந்தால், படிக்கப்பட்டு நீக்கப்பட்டது என்று பொருள். 1 படித்ததற்கு, 8 நீக்கியதற்கு. அந்த 0009-ஐ 0001 என்று மாற்றிச் சேமியுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். திருத்திய கோப்புக்கு 'மீட்டது' என்று பெயர் மாற்றி, உண்மையான புரொஃபைலில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற கோப்புறைக்குள் போட்டுத் தண்டர்பேர்டைத் திறந்தால், இடப்புறப் பட்டியலில் புதுக் கோப்புறையாக அது தெரியும்.

அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு

'ஃபோகஸ்டு', 'அதர்' என்ற இரண்டு தாவல்களில் இரண்டாவதைத் திறந்து பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே கிடைத்துவிடும். 'இக்னோர்' பொத்தான் ஒருமுறை தவறி அழுந்தியிருந்தால், அந்த உரையாடலில் இனி வருபவையும் நேராக 'டிலீட்டட் ஐட்டம்ஸ்' கோப்புறைக்கே போகும். ஒரு வருடத்துக்கு முந்தையவை மட்டும் தெரியவில்லை என்றால், எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மெயில் சேவை) கணக்கில் கணினியில் எத்தனை மாத மெயில் வைப்பது என்ற அமைப்பை மாற்றுங்கள்.

ஐமேப்புக்கு மாறுதல்

பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற இயலாது. பழைய கணக்கை நீக்காமல், அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேருங்கள். பழையதில் 'செக் ஃபார் நியூ மெசேஜஸ்' வரிகளை எடுத்துவிட்டால் அது இனி எதையும் இறக்காது. பிறகு ஐமேப் பகுதியில் 'பழைய கடை', 'பழைய ஸ்டோர்' என்று இரண்டு கோப்புறைகள் திறந்து, பழைய மெயில்களைத் தேர்ந்து 'காப்பி டூ' மூலம் அங்கே அனுப்புங்கள். 'மூவ்' வேண்டாம். மேலே இணைப்பு வேகம் குறைவு என்பதால் ஸ்டோர் கணினியில் ஐந்நூறு ஐந்நூறாக, ஏலம் இல்லாத நாளின் மாலையில் அனுப்புவது நல்லது. ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் பிரௌசரில் அந்தக் கோப்புறையின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியாகும் வரை பழைய கணக்கு அங்கேயே இருக்கட்டும்.