நெய்வேலி பங்கு வாங்கும் முன் டிவிடெண்டை எப்படிக் கணக்குப் பார்ப்பது

கடலூர்ப் பக்கம் எந்த வீட்டில் ஷேர் மார்க்கெட் பேச்சு எடுத்தாலும் முதலில் வரும் பெயர், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் தயாரிக்கும் என்எல்சிதான். நெய்வேலியில் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆன பெரியப்பாவோ மாமாவோ ஒருவர் இருப்பார், "நம்ம கம்பெனிடா, கவர்மென்ட் கம்பெனி, வருஷா வருஷம் டிவிடெண்ட் வரும், வாங்கிப் போடு" என்பார். டிவிடெண்ட் என்றால் கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

"15 சதவீதம் இடைக்கால டிவிடெண்ட்" என்று செய்தி வந்ததும் ஃபிக்சட் டெபாசிட்டைவிட இரண்டு மடங்கு என்று துள்ளுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 15 சதவீதம் பங்கின் முகமதிப்பான, அதாவது பங்கில் குறித்திருக்கும் மதிப்பான, 10 ரூபாய்க்குத்தான், மார்க்கெட் விலைக்கு இல்லை. அதாவது ஒரு பங்குக்கு 1.50 ரூபாய், அவ்வளவுதான். வருஷத்தின் நடுவில் தரும் இடைக்கால டிவிடெண்ட், வருஷம் முடிந்து தரும் இறுதி டிவிடெண்ட் இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 3 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். அதை நீங்கள் கொடுத்த விலையால் வகுத்துப் பாருங்கள். 60 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அது 5 சதவீதம், 212 ரூபாய்க்கு வாங்கியவருக்கு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வாங்கப் போகிறவர் குத்தகை எவ்வளவு வரும் என்பதோடு நிறுத்துவாரா, ஏக்கர் என்ன விலை என்றும் கேட்பார் இல்லையா?

அந்த 60-ம் 212-ம் சும்மா எடுத்த எண்கள் இல்லை. 2013-ல் மத்திய அரசு என்எல்சி பங்குகளை விற்கக் கிளம்பியபோது, வெளியாருக்குப் போகக் கூடாது என்று தமிழக அரசு நிறுவனங்களே 3.56 சதவீதத்தை வாங்கின, விலை சுமார் 60 ரூபாய். 2024 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி 7 சதவீதம் வரை விற்றபோது அடிப்படை விலை, அதாவது இதற்குக் கீழே தரமாட்டோம் என்று வைத்த விலை, 212. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் 2020 கொரோனா சமயத்தில் இதே பங்கு 50 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. ஏழு வருஷம் காத்திருந்தவருக்கு அப்போது கையில் மிஞ்சியது டிவிடெண்ட் மட்டும்தான். அதனால் சார்ட்டை மட்டும் பார்க்காமல், வாங்கிய விலை, இன்றைய விலை, நடுவில் வந்த டிவிடெண்ட் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, எத்தனை வருஷத்தில் எவ்வளவு என்று பாருங்கள்.

தேதி விஷயம் சுருக்கமாக: யார் யாருக்கு டிவிடெண்ட் என்று கம்பெனி பட்டியல் எடுக்கும் நாள்தான் ரெக்கார்ட் தேதி. அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும், ரெக்கார்ட் தேதியன்றே வாங்கினால் கிடைக்காது. டிவிடெண்டுக்காகவே முதல் நாள் வாங்கி மறுநாள் விற்கலாம் என்றால், அந்த ஒன்றரை ரூபாய் பொதுவாக விலையிலிருந்து கழிந்துதான் மார்க்கெட் திறக்கும்.

கம்பெனி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. மின்சார விலையை இவர்கள் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, அனல்மின் நிலையத்தில் போட்ட பங்கு மூலதனத்துக்கு (கடன் போக, கம்பெனி தன் பக்கம் போட்ட பணம்) 15.5 சதவீத வருமானம் என்று அடிப்படையை வைத்து விலை நிர்ணயிக்கிறார்கள், 2024-29 விதிகளிலும் அதுதான். ஆக லாபம் பெருக வேண்டும் என்றால் புது நிலையம் கட்ட வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் காட்டம்பூர் 1980 மெகாவாட், ஒடிசாவில் தலபிரா 2400 மெகாவாட் என்று பணம் அங்கே போகிறது, அந்தப் பணம் டிவிடெண்டாக வராது. அதே சமயம், லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) 4 சதவீதம், எது அதிகமோ அதையாவது டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும் என்று பொதுத்துறை நிறுவனங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. 72 சதவீதப் பங்கை வைத்திருப்பதே அரசுதான் என்பதால் முழுக்க நிறுத்திவிட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஆண்டறிக்கையைத் திறந்தால் நான் லாபத்துக்கு முன்னால் பார்ப்பது வரவேண்டிய பாக்கியை. மின்வாரியங்கள் பில் பணத்தை இழுத்தடித்தால் லாபம் காகிதத்தில்தான் இருக்கும். அப்புறம் நிலம். சுரங்கம் நகராவிட்டால் பழுப்பு நிலக்கரி இல்லை, நெய்வேலி கொதிகலன்களும் ஓடாது. 2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்தில் வளையமாதேவியில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, நின்ற பயிர்மேல் இயந்திரத்தை இறக்கினார்களே, அது பங்குதாரருக்கும் சேர்த்த செய்திதான். எனக்கு அந்தப் பக்கம் சொந்தங்கள் உண்டு, அதை வெறும் லாப நஷ்டமாக என்னால் பார்க்க முடியவில்லை, அது வேறு கதை.

வரி: டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேரும். ஒரே கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், பான் இல்லாவிட்டால் 20. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, நான் பட்ட பாடு. என் பேங்க் இன்னொரு பேங்கோடு இணைந்து ஐஎஃப்எஸ்சி (கிளைக் குறியீடு) மாறியது, டீமேட்டில், அதாவது பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கில், பழையதே இருந்தது, இரண்டு வருஷ டிவிடெண்ட் திரும்பிப் போனது எனக்குத் தெரியவே இல்லை. ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்டைப் பெறாமல் விட்டால் பணம் மட்டுமல்ல, பங்கே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல். வீட்டுப் பெட்டியில் பெரியப்பாவின் பழைய காகிதப் பங்குகள் கிடந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள், டீமேட்டுக்கு மாற்றாமல் அவற்றை விற்க முடியாது.