உதவப் போய் உபத்திரவம்: மின்பொறியியல் துறைக்கு ஆலோசனை சொல்லும் முன்னாள் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் தொழிலில் இருந்துவிட்டு, படித்த துறைக்கே ஆலோசகராகத் திரும்பிப் போகிறவர்களிடம் நல்ல எண்ணத்துக்குக் குறைவே இருப்பதில்லை. ஆனாலும் புதிதாக ஆலோசனைக் குழுவில் சேருகிற ஒவ்வொரு அணியும் அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறது. கூட்டத்துக்குத் தாமதமாக வருவது, நடுவில் போன் பேசுவது போன்றவற்றை விட்டுவிடலாம். அவை யாரும் சொல்லாமலே தெரியும். துறையின் பணத்தையும் ஆய்வக நேரத்தையும் சத்தமில்லாமல் தின்றுவிடும் தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எதை எடுப்பது என்று சொல்லாமல் பாடம் சேர்க்கச் சொல்வது

முதல் கூட்டத்திலேயே வந்துவிடும் யோசனை இது. மின்வாகனத்துக்கு ஒரு பாடம் வையுங்கள், பேட்டரிக்கு ஒன்று, செயற்கை நுண்ணறிவுக்கு ஒன்று. நான்கு வருடப் படிப்பில் எட்டு செமஸ்டர்தான் இருக்கிறது. மொத்த கிரெடிட்டுக்கும் வரம்பு உண்டு. 3 கிரெடிட் பாடம் ஒன்று உள்ளே வந்தால் 3 கிரெடிட் வெளியே போயாக வேண்டும். எது போகலாம் என்று துறைத் தலைவர் திருப்பிக் கேட்டதும் மேசையைச் சுற்றி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறப்பவர் பெரும்பாலும் மின்காந்தவியலைக் கைகாட்டுவார். அதை எடுத்துவிட்டால், மோட்டாரின் காற்றிடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினால் காந்தமாக்கும் மின்னோட்டம் ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு மாணவரிடம் மனப்பாடப் பதில்தான் மிஞ்சும்.

தனிப் பாடம் கேட்பதை விட, இருக்கிற பாடத்தில் எந்த இடத்தில் புதியது நுழையும் என்று பார்ப்பது மேல். பேட்டரிதான் வேண்டுமென்றால் சுற்றுக் கோட்பாட்டு ஆய்வகத்தில் ஒரே ஒரு 3 மணி நேர வகுப்பு போதும். ஒரு லித்தியம் அயான் செல்லிலிருந்து 1 ஆம்பியரைத் திடீரென்று இழுக்க வேண்டும். மின்னழுத்தம் முதலில் படக்கென்று ஒரு படி இறங்கும். அந்தப் படி 50 மில்லிவோல்ட் என்றால் தொடர் மின்தடை 50 மில்லியோம். அதன் பிறகு மெல்லச் சரிகிற வளைவிலிருந்து ஆர்சி நேர மாறிலியை, அதாவது அது எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதன் அளவை, எடுக்கலாம். செல்லின் சமானச் சுற்று, அதாவது செல்லைப் போலவே நடக்கிற எளிய சுற்று, கையில் வந்துவிட்டது. புதுப் பாடமும் தேவைப்படவில்லை, பாடத்திட்டக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

உங்கள் நிறுவனத்தின் மென்பொருளைப் பாடமாக்கச் சொல்வது

அது உங்கள் நிறுவனம் தரவேண்டிய பயிற்சி. துறையின் தலையில் கட்டாதீர்கள்.

கேட்காத கருவியைப் பரிசாகக் கொடுப்பது

எல்லாத் தவறிலும் அதிகச் செலவு வைப்பதும், இன்றுவரை எரிச்சலூட்டுவதும் இதுதான். ஒரு அணி பணம் திரட்டுகிறது. "உலகத் தரத்தில்" ஏதாவது வாங்கலாம் என்று முடிவாகிறது. மின்னழுத்தம் மாறுவதை அலையாகத் திரையில் காட்டும் 1 கிகாஹெர்ட்ஸ் ஆஸிலோஸ்கோப் ஒன்று வந்து இறங்குகிறது. நாடா வெட்டு, புகைப்படம், பெயர்ப்பலகை. அடுத்த செமஸ்டரில் எட்டிப் பார்த்தால் அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கிறது. சாவி பேராசிரியரிடம். அவரைக் குறை சொல்ல முடியாது: சொத்துப் பதிவேட்டில் பொருள் அவர் பெயரில் ஏறியிருக்கிறது, உடைந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஆய்வக வகுப்பு 3 மணி நேரம், 30 மாணவர்கள், மூன்று பேருக்கு ஒரு பெஞ்ச் வீதம் 10 பெஞ்ச். ஒரே ஸ்கோப்பைப் பத்து அணிக்கும் சுற்றவிட்டால் அணிக்கு 18 நிமிடம். இணைப்பைச் சரிபார்த்து, திரையில் அலை அசையாமல் நிற்க டிரிகர் வைப்பதற்குள் அது தீர்ந்துவிடும்.

அவ்வளவு பட்டை அகலம் (கருவி சரியாகக் காட்டக்கூடிய அதிர்வெண்ணின் எல்லை) தேவையா என்றும் யாரும் கேட்பதில்லை. 0.35-ஐ எழுச்சி நேரத்தால் (சிக்னல் கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரம்) வகுத்தால் வேண்டிய அதிர்வெண் கிடைக்கும். ஐஜிபிடி என்கிற மின்னணுச் சுவிட்ச் 100 நானோ விநாடியில் மாறினால் 3.5 மெகாஹெர்ட்ஸ். 20 நானோ விநாடியில் மாறும் இன்னொரு வகைச் சுவிட்சான மாஸ்ஃபெட் என்றாலும் 17.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஐந்து மடங்கு வைத்துக்கொண்டால் 88-க்குப் பக்கத்தில் வரும். ஆக, இளநிலை பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் தாராளம். கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் 50 ஓம் உள்ளீடு என்று ஒரு தேர்வு இருக்கும்; பலவற்றில் அதற்கு 5 வோல்ட் ஆர்எம்எஸ்தான் தாங்குதிறன். மாணவர் தெரியாமல் அந்த நிலையில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் கிட்டத்தட்ட 3 வாட் சூடு உள்ளே இறங்கும். பழுதுபார்க்கும் பில், ஒரு சாதாரண ஸ்கோப்பின் விலையையே தாண்டிவிடலாம்.

இதைவிட மோசம், ஸ்கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, எர்த்தோடு இணைக்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்க உதவும் டிஃபரன்ஷியல் புரோபை மறப்பது. சாதாரண புரோபின் கிரவுண்ட் கிளிப், கருவியின் உடல் வழியாக நேராக எர்த்துக்குப் போகிறது. மெயின் சப்ளையிலிருந்து தனிமைப்படுத்தாத கன்வெர்ட்டரில் ஒரு ஃபேஸ் புள்ளியில் அந்தக் கிளிப்பை மாட்டினால் அங்கேயே ஷார்ட்: கிளிப் கருகும், புரோப் போகும், சில சமயம் உள்ளீட்டுப் பலகையும் போகும். இது நடந்த ஆய்வகங்களில் அடுத்து நடப்பதுதான் இன்னும் பயங்கரம். யாரோ ஒருவர் ஸ்கோப்பின் பவர் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுவார். ஷார்ட் நின்றுவிடும்; ஆனால் இப்போது ஸ்கோப்பின் உலோகப் பகுதி முழுவதும் ஃபேஸ் மின்னழுத்தத்தில் இருக்கிறது, மாணவரின் கை அதன் மேல் இருக்கிறது. பெஞ்சுக்கு ஒரு டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அதற்கு வழியில்லாத வரை, இரண்டு புரோப்களை வைத்து இரு கிளிப்பையும் தொங்கவிட்டு, ஒரு சேனலிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்க்கலாம். இரண்டு புள்ளிகளும் எர்த்தை ஒப்பிட புரோபின் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பயன்படுத்திய பொருளைத் தள்ளிவிடுவது இதே தவறின் இன்னொரு முகம். தொழிற்சாலையில் கழற்றிப் போட்ட மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) "மாணவர்களுக்கு உதவுமே" என்று லாரியில் வந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த டிரைவில் டிசி பஸ் (உள்ளே நேர்மின்னோட்டத்தைக் கடத்தும் பகுதி) கெபாசிட்டர்களின் ஆக்சைடு அடுக்கு பலவீனமாகியிருக்கும். தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றித்தான் அதை மீட்க வேண்டும். நேராக 400 வோல்ட் மூன்று ஃபேஸைக் கொடுத்தால் வெடிக்கலாம். அதை நிறுத்திய பின்னும் பஸ்ஸில் 565 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் நிற்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கிற காத்திருப்பு நேரம் முடிந்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அந்த எச்சரிக்கை ஸ்டிக்கர் பழைய டிரைவில் பெரும்பாலும் உரிந்து போயிருக்கும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் எண்ணெய்ச் சோதனை அறிக்கை இல்லாமல் வாசலைத் தாண்டவே விடக்கூடாது. அந்தக் கால எண்ணெயில் பிசிபி என்கிற பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் இருக்கலாம். 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற அளவை எல்லையாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய எண்ணெய் அபாயகரக் கழிவு. அதை அப்புறப்படுத்தும் செலவு முழுக்கத் துறையின் கணக்கில் விழும். உங்கள் தொழிற்சாலையின் கழிவுச் செலவு நன்கொடை என்ற பெயரில் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, கொடுப்பதற்கு முன்னால் துறையிடமிருந்து ஒரு பக்கத் தாளை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எந்தப் பாடத்தின் எந்தச் சோதனைக்கு இது? ஒரு செமஸ்டரில் எத்தனை வகுப்பு? சப்ளை ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா, 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா? மென்பொருள் உரிமம் யார் பெயரில், எத்தனை கணினிக்கு, என்றைக்குக் காலாவதி, எந்த இயங்குதளத்தில் ஓடும்? உதிரிகள் என்னென்ன? பழுதானால் யார் பார்ப்பார்கள்? கடைசியாக, வேலைக்கு ஆகாமல் போனால் யார் எடுத்துப் போவது? இதில் உரிமக் கேள்வியை விட்டுவிட்டால் ரிலே சோதனைக் கருவி நல்ல நிலையில் இருக்கும், அதைத் திறக்கிற டாங்கிளோ (கணினியில் செருகும் உரிமச் சாவி) ஓய்வு பெற்றுப் போனவரின் இழுப்பறையில் இருக்கும்.

அதே பணத்தை இப்படிப் போட்டால் பலன் தெரியும்: 10 பெஞ்சுக்கும் தலா ஒரு 100 மெகாஹெர்ட்ஸ் நான்கு சேனல் ஸ்கோப், ஒரு டிஃபரன்ஷியல் புரோப், ஒரு கிளாம்ப் மின்னோட்டப் புரோப், 0 முதல் 30 வோல்ட், 3 ஆம்பியர் இரட்டை சப்ளை ஒன்று. கூடவே உபரியாக நான்கைந்து புரோப். தொகையில் ஒரு பங்கை ஐந்து வருடக் கேலிபரேஷனுக்கும் பழுதுக்கும் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். மொத்தத்தையும் வாங்குவதிலேயே கரைக்கக்கூடாது. சோதனைக் கையேடும் சேர்ந்தே வர வேண்டும். இணைப்புப் படம், எதிர்பார்க்கும் அலைவடிவம், அது வராவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது என்பது வரை எழுதிக் கொடுங்கள். இதைச் செய்ய உங்களில் இருவர் இரண்டு வார இறுதி உட்கார்ந்தால் போதும். புகைப்படத்துக்கு இது எடுப்பாக இருக்காது என்பது உண்மைதான்.

குழு முழுக்க ஒரே அணியாக இருப்பது

ஒரே வருடத்து நண்பர்கள், ஒரே துறைக்காரர்கள் என்றால் அது சந்திப்பு விழா. மின் விநியோகம், பவர் எலக்ட்ரானிக்ஸ், கட்டுப்பாடு, சிப் வடிவமைப்பு எனக் கலந்து எடுங்கள். படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகாத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

கூட்டக் குறிப்பு இல்லாத கூட்டம்

ஏபெட் போன்ற தர அங்கீகார அமைப்புகள், கல்வி இலக்குகளைச் சம்பந்தப்பட்டவர்களோடு சேர்ந்து சீராய்வு செய்கிற முறை துறையில் இருக்கிறதா என்று ஆவணத்தோடு கேட்கும். "நல்ல கருத்துகள் பரிமாறப்பட்டன" என்று எழுதி வைத்தால் அங்கே செல்லாது. யார் என்ன சொன்னார், துறை ஏற்றதா மறுத்ததா, ஏற்றதென்றால் எந்தப் பாடத்தில் எந்த செமஸ்டரிலிருந்து மாற்றம் என்று வேண்டும். மறுத்ததற்கான காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருடம் இன்னொருவர் அதே யோசனையைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டு வருவது நிற்கும்.

அலுவலகத்தில் தேங்கிய வேலையை புராஜெக்ட்டாகக் கொடுப்பது

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இரண்டு செமஸ்டர் என்பது தாளில். தேர்வும் விடுமுறையும் போக இருபத்து சொச்சம் வாரம்தான் கையில் நிற்கும். ஒரு சர்க்யூட் போர்டை வரைந்து, ஆர்டர் போட்டு, வந்ததும் சாலிடர் செய்து, தவறைத் தேடிப் பிடிக்க ஐந்தாறு வாரம் எளிதாக ஓடிவிடும். முதல் போர்டு வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் கேட்கிற எந்தத் தலைப்பும் மாணவருக்குப் பொருந்தாது.

"திறன்மிக்க சார்ஜர் ஒன்று" என்று தலைப்புக் கொடுத்தால் மாணவர் பாதி செமஸ்டரை இணையத்தில் தேடியே தொலைத்துவிடுவார். உள்ளீடு 36 முதல் 48 வோல்ட் டிசி, வெளியீடு 12 வோல்ட், 5 ஆம்பியர், ரிப்பிள் (வெளியீட்டில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 100 மில்லிவோல்ட்டுக்குள், முழுச் சுமையில் 90 சதவீதத் திறன் என்று எழுதிக் கொடுங்கள். எப்போது முடிந்தது என்று இரு தரப்புக்கும் தெரியும். டிசி 60 வோல்ட்டைத் தாண்டுகிற தலைப்பு வேண்டாம். மின்னோட்ட வரம்பு வைத்த பெஞ்ச் சப்ளையில் தொடங்கி, கடைசியில் மட்டும் பேட்டரிக்கு மாறட்டும். சப்ளை வரம்பில் நின்றுவிடும், பேட்டரி நிற்காது. ரகசிய ஒப்பந்தம் கேட்கிற தலைப்பும் வேண்டாம். தான் செய்ததை வேலை நேர்காணலில் வாய்விட்டுச் சொல்ல முடியாத மாணவருக்கு அந்த ஒரு வருடம் வீண்.

விருந்தினர் உரையில் சொந்த வரலாறு

பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, எரிந்துபோன ஒரு போர்டைக் கையில் கொடுத்து ஏன் எரிந்தது என்று கேளுங்கள்.

துறைத் தலைவரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது

ஆய்வகத்தின் உண்மை நிலை லேப் டெக்னீஷியனுக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்கள். நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். எந்த பெஞ்ச் ஓடவில்லை, எது அடிக்கடி தீர்கிறது, மாணவர்கள் எந்த இணைப்பில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவதுக்கு எதிர்பார்க்கக்கூடிய பதில் மல்டிமீட்டர்: மின்னோட்டம் அளந்த லீடை ஆம்பியர் துளையிலிருந்து எடுக்காமல் அப்படியே மின்னழுத்தம் அளக்கப் போவது. ஃபியூஸ் போகும். சரியான மாற்று, அதிக ஷார்ட் மின்னோட்டத்தைத் தாங்கி அறுக்கிற பீங்கான் உறை ஃபியூஸ். விலை கூடுதல் என்பதால் பட்ஜெட் இல்லாத இடத்தில் சாதாரணக் கண்ணாடி ஃபியூஸோ, ஒரு துண்டுக் கம்பியோ அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த மீட்டரை அடுத்த மாணவர் அதே தவறோடு மூன்று ஃபேஸ் பேனலில் வைத்தால், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வில்பொறி பிடித்து மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். ஆகவே மீட்டர்களின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஃபியூஸில் இரண்டு பெட்டி வாங்கி டெக்னீஷியனிடம் நேராகக் கொடுங்கள். பேனலில் அளக்கும் வேலைக்கு கேட் 3 (பேனல் போன்ற இடங்களுக்கான பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்று அச்சிட்ட மீட்டர்களை மட்டும் தனி டப்பாவில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.