பாட்டை ஆப்பில் ஏற்றுவதற்கு முன்னால்

எங்கள் ஊர் பள்ளிபாளையம். தறிச் சத்தம் ஓயாத ஊர். வீட்டில் பாட்டு பதிவு செய்ய எனக்குத் தோதான நாள், மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாள்தான். காலை ஒன்பது மணிக்குத் தறியெல்லாம் அடங்கும். லேப்டாப் பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும். பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, ஃபேன் இல்லாமல் வேர்க்க விறுவிறுக்கப் பாடி முடிப்பேன். அப்படிப் பிறந்த ஐந்து பாட்டுகள் இன்றைக்கு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் என்று பாட்டு கேட்கும் ஆப்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. கடையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் அவனும் பாட்டு எழுதுவதாகச் சொல்லி, "ஏத்தலாமாண்ணா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏற்றலாம். காசை நம்பி ஏற்ற வேண்டாம். ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று ஸ்பாட்டிஃபையில் நிலையான கணக்கு எதுவும் கிடையாது. வந்த வருமானத்தில், மொத்தக் கேட்பில் உங்கள் பாட்டின் பங்கு எவ்வளவோ அவ்வளவு. அதிலும் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகையே கிடையாது. என் முதல் பாட்டு ஒரு வருடத்தில் 640ஐத் தாண்டவில்லை. அதில் பாதி என் அக்கா கேட்டதாக இருக்கும். ஆக, வருமானம் சுழியம். ஆனாலும் யாராவது "உங்க பாட்டு எங்கே கேட்கலாம்?" என்று கேட்டால் வாட்ஸப்பில் எம்பி3 அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதலில் செய்ய வேண்டியது ஆப் பக்கமே போகாத வேலை. பாட்டில் யாருக்கு என்ன பங்கு என்பதை எழுதி வையுங்கள். என் இரண்டாவது பாட்டுக்கு ஒரு நண்பர் புல்லாங்குழல் வாசித்தார். 500 ரூபாய் கொடுத்தேன், பிரியாணி வாங்கிக் கொடுத்தேன், முடிந்தது என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து, "இடையிசை மெட்டு நான் போட்டதுதானே?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் பொய்யில்லை. பேசித் தீர்த்துக்கொண்டோம், ஆனால் பழைய நெருக்கம் போய்விட்டது. இப்போதெல்லாம் வரி யார், மெட்டு யார், வாசித்தவர் பணம் வாங்கியதோடு சரியா, இல்லை பங்கும் உண்டா என்று அரைப் பக்கத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

இலவசமாக இறக்கிய தாளத் துணுக்குகள், அதாவது லூப், உங்கள் பாட்டில் இருந்தால் இன்னொரு விஷயம். பாட்டை ஏற்றும்போது யூடியூப் கன்டென்ட் ஐடி, அதாவது உங்கள் ஒலி வேறொருவர் வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் வசதி, வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். டிக் அடித்துவிடாதீர்கள். அந்தத் துணுக்கை உலகத்தில் ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள். நான் அடித்தேன். முன்பின் தெரியாத ஒருவருடைய கோயில் திருவிழா வீடியோவுக்கு என் பெயரில் உரிமைக் கோரல் போய்விட்டது. இரண்டிலும் ஒரே உடுக்கைச் சத்தம். மனிதர் என்னைத் தேடிப் பிடித்துத் திட்டினார், திட்டியது நியாயம். சினிமாப் பாட்டை உங்கள் குரலில் பாடி ஏற்றுகிற எண்ணம் இருந்தால், உரிமை வாங்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்து டிஸ்ட்ரிப்யூட்டர். நாம் நேரடியாக ஸ்பாட்டிஃபையில் ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்ற விடும். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம், அப்புறம் வரும் தொகையில் 9 சதவீதம் அவர்களுக்கு. ரவுட்நோட்டில் இலவசமாக ஏற்றலாம், வருவதில் 15 சதவீதம் போகும். வருடத்துக்கு ஒரு பாட்டு போடுகிறவருக்குச் சந்தா தண்டம். சந்தாவை நிறுத்தினால் பாட்டு ஆப்பிலிருந்து இறங்கிவிடுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பல இடங்களில் இறங்கிவிடும். அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்று ஒரு வரிப் படிவம் நீட்டுவார்கள். நாம் அமெரிக்கர் இல்லை என்று சொல்கிற தாள் அது, பயப்பட ஒன்றுமில்லை. பான் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெயர். இதில்தான் நான் நன்றாக மாட்டினேன். என் பெயர் நம் ஊரில் தெருவுக்கு ரெண்டு பேருக்கு இருக்கும் பெயர். இனிஷியல் கூட இல்லாமல் அப்படியே கொடுத்தேன். பாட்டு வெளியான அன்று தேடினால் என் பக்கத்தில் காணோம். அதே பெயரில் பக்திப் பாடல் பாடும் ஒருவருடைய பக்கத்தில், காவடிச் சிந்துக்கும் கந்தன் துதிக்கும் நடுவே, என் காதல் தோல்விப் பாட்டு உட்கார்ந்திருந்தது. அத்தை போன் போட்டு, "முருகன் பாட்டெல்லாம் உருக்கமா பாடியிருக்கேடா" என்றார். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. திருத்த மூன்று வாரம் ஆனது. அதனால் பெயர் வைக்கும் முன் எல்லா ஆப்பிலும் தேடிப் பாருங்கள், ஊரையோ இனிஷியலையோ சேருங்கள், முதல் பாட்டு வெளியானதும் கலைஞர்களுக்கென்று ஸ்பாட்டிஃபை வைத்திருக்கும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் தளத்தில் உங்கள் பக்கத்தை உரிமை கொண்டாடி விடுங்கள்.

பாட்டின் தலைப்பிலும் இதே தலைவலி உண்டு. மழையை ஆங்கில எழுத்தில் ஒருவர் 'இசட் ஹெச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் ஒற்றை 'எல்' போட்டு மலையாக்கிவிடுவார். அம்மாவிடம் போனைக் கொடுத்துத் தலைப்பைத் தேடச் சொல்லிப் பாருங்கள். அவர் கண்டுபிடிக்காவிட்டால் தலைப்பை மாற்றுவதே நல்லது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் இடங்களில் புனைபெயர் வேண்டாம், ஆவணத்தில் உள்ள பெயரைப் போடுங்கள்.

கோப்பு எம்பி3 போலச் சுருக்காத வேவ் வடிவில், அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். இவ்வளவுதான். சத்தத்தை ஏற்றி ஏற்றி நசுக்காதீர்கள், ஸ்பாட்டிஃபை எப்படியும் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். வெளியீட்டுத் தேதியில் மட்டும் அவசரம் கூடாது. மூன்று நாலு வாரம் தள்ளி வையுங்கள். வெளியீட்டுக்கு ஏழு நாளுக்கு முன்பாவது ஸ்பாட்டிஃபையில் பாட்டைப் பரிந்துரைக்கு அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அது வரும். பொங்கலுக்கு எழுதிய பாட்டை போகி அன்று ஏற்றினால் மாட்டுப்பொங்கலுக்குள் வந்து சேருவதே சந்தேகம்.

பத்தாயிரம் ஸ்ட்ரீம், அதாவது கேட்பு, இவ்வளவு ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் செய்தி வரும். அழித்துவிடுங்கள். போலிக் கேட்பு பிடிபட்டால் பாட்டு இறங்கும், அபராதமும் வரலாம்.

விநியோக நிறுவனம் தருவது ஒலிப்பதிவுக்கான காசு. வரிக்கும் மெட்டுக்குமான தொகை வேறு. இந்தியாவில் அதை வசூலிப்பது 1969ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம். உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு யூடியூப் சேனல்காரர் 2,000 ரூபாய் நீட்டி, முழு உரிமையும் எழுதிக் கேட்டார். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. இதைச் சொன்னதும் அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை.

மூல வேவ் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். ஆப்பை நம்பி இருக்க முடியாது, 2024ல் மட்டும் ரெஸ்ஸோ, விங்க் என்ற இரண்டு பாட்டு ஆப்கள் இங்கே மூடிவிட்டன.

போன வைகாசியில் பொள்ளாச்சியிலிருந்து கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் பேசினார். ஆப்பில் என் மூன்றாவது பாட்டைக் கேட்டாராம், ஒரு வீடியோவுக்கு வேண்டும் என்றார். 3,000 ரூபாய் சொன்னேன், பேரம் பேசாமல் ஜிபே பண்ணினார். அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும், முடிவில் என் பெயர் வர வேண்டும் என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். பெயரில் இந்தத் தடவை இனிஷியல் சேர்த்துக் கொடுத்தேன்.