ஐந்து பாலங்களும் ஒரு மொய் நோட்டும்: பிறருக்காக நெடுந்தூரம் ஓடத் தொடங்குவது எப்படி

ஒரு காரணத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நெடுந்தூரம் காலால் கடப்பது காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று. ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை ஒட்டிக் காவி உடுத்திச் சாலையோரமாக வரிசையில் நடப்பவர்களையும், மஞ்சள் ஆடையில் சமயபுரம் செல்பவர்களையும் நாம் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம். எதற்காக நடக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டால், வாழ்வின் நோக்கத்தைத் தேடி நடக்கிறேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார், நேர்த்திக்கடன் என்பார். தொண்டுக்கு நிதி திரட்டுவதற்காக ஓடும் நெடுந்தூர ஓட்டத்தையும் அந்தக் கடன் என்னும் சொல்லின் வழியாகவே அணுக வேண்டும் என்பது என் கருத்து. நோக்கம் எது என்று முதலில் யோசித்துத் தெளிந்துவிட்டுப் பிறகு ஓடலாம் என்று காத்திருப்பவரின் காலணி அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. யாரோ ஒருவருக்குரிய கடனைத் தம்முடையதாக ஏற்று, அதை நாலு பேர் அறியச் சொல்லிவிட்டு, அதற்காக ஐந்தாறு மாதம் விடியுமுன் எழுபவருக்கு, தாம் எதற்காக எழுகிறோம் என்பது கேட்காமலே விளங்கிவிடுகிறது.

நான் 52 வயதில் ஓடத் தொடங்கியவன். பிள்ளைகள் இருவரும் வெளியூர் சென்றுவிட்டனர். அலுவலகத்தில் என் இருக்கைக்கு நான் தேவை என்பதைவிட எனக்கு அந்த இருக்கை தேவை என்ற நிலை. அப்படிப்பட்ட காலத்தில் இருப்பவர்களையே மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் 1977இல், தம் 18ஆம் வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு இறந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் ஓடியது எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த எண்ணம் அவருக்குச் சிகிச்சை அறையில், பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களைப் பார்த்ததால் வந்தது. பொதுவான நல்ல எண்ணம் ஒருவரை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் செல்லும். அதற்கு மேல் ஓட முகம் தெரிந்த மனிதர்கள் வேண்டும்.

எனவே நோயை ஒழிப்பது, வறுமையைப் போக்குவது போன்ற பெரிய தலைப்புகளைத் தவிர்த்து, உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்று பார்க்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தூர்ந்து கிடக்கும் ஊர்க் குளம், அரசுப் பள்ளி நூலகம், எதுவாகவும் இருக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பயணச் செலவு. அரசு மருத்துவமனையில் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது; ஆயினும் சிற்றூரிலிருந்து வாரம் இரண்டு மூன்று முறை மாவட்டத் தலைநகருக்கு வந்து திரும்பும் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் நாள் கூலியும் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் எளிதில் அடங்குவதில்லை. போய்வரச் செலவு 150 ரூபாய் என்றும் வாரம் இருமுறை என்றும் வைத்துக்கொண்டால், ஒருவருக்கு ஆண்டுக்கு 104 பயணங்கள், 15,600 ரூபாய். இப்படி எண்ணிச் சொல்லக்கூடிய தொகையாக இருந்தால், கேட்பதும் எளிது, கணக்குக் காட்டுவதும் எளிது.

தேர்ந்தெடுத்த பின், பணம் திரட்டத் தொடங்குமுன், ஒரு முறையாவது அவர்களுடன் சென்று வாருங்கள். விடியற்காலைப் பேருந்தில் அவர்கள் எந்த இருக்கையைத் தேடுகிறார்கள், சிகிச்சை முடிந்து திரும்பும்போது எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்காமல் ஓடுபவர், தம்முடைய ஓட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அவர்களின் படத்தை எடுத்து விளம்பரத்திற்குப் பயன்படுத்த வேண்டாம்.

அறக்கட்டளை ஒன்றின் வழியாகச் செய்வதானால், அதன் கடந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டில் நான் அதைக் கேட்கக் கூச்சப்பட்டேன். நண்பர்கள் தந்த தொகைக்கு ரசீது வரப் பல மாதங்கள் ஆயின. வந்த ரசீதில் பொதுச் செலவு என்று மட்டும் இருந்தது. தந்தவர்களில் ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

கேட்பதும் கணக்கு வைப்பதும்

நம்மில் பலருக்கு 20 கிலோமீட்டர் ஓடுவதைவிட 200 ரூபாய் கேட்பது கடினம். இதற்கும் நம் மண்ணிலேயே வழக்கம் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் ஆடி மாதத்து மொய் விருந்துகளில், இலைபோட்டுச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் பந்தலில் அமர்ந்து ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிக்கொண்டிருப்பார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதில் தலைகுனிவு இல்லை, ஏனெனில் எழுதப்பட்டது திரும்பி வரும் என்று இருவருக்கும் தெரியும். தொண்டு ஓட்டத்திற்கு வாங்கும் பணம் அவ்வாறு கொடுத்தவரிடம் திரும்புவதில்லை; அதற்கு ஈடாக நாம் திருப்பித் தர வேண்டியவை கணக்கும், ஓடி முடித்த கிலோமீட்டர்களும். ஆகவே ஒரு மொய் நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் தந்தவர் பெயரும் தொகையும், வலப்பக்கத்தில் நீங்கள் ஓடிய நாளும் தூரமும் இருக்கட்டும்.

பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கிற்கு வர வேண்டாம். நேரே அறக்கட்டளையின் கணக்கிற்குச் செல்லட்டும். இணையவழி நிதி திரட்டும் தளங்களைப் பயன்படுத்தினால் அவை எடுத்துக்கொள்ளும் கழிவு எவ்வளவு என்பதை முதலிலேயே பார்த்துச் சொல்லிவிடுங்கள். வருமான வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும், புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இவ்வகை நன்கொடைக்கு அந்தச் சலுகையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று, நம் மாவட்டங்களில் ஏறக்குறைய எல்லா வீட்டிற்கும் பொருந்துவது: வெளிநாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர், தம் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அவரே சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையாகும். அதற்கான அரசுப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அறக்கட்டளை மட்டுமே அதை வாங்க முடியும். சித்தப்பா மகன்தானே என்று வாங்கிவிட்டால், சிக்கல் உங்களுக்கு வராது, அறக்கட்டளைக்கு வரும்.

ஓட்டத்திற்கு நீங்கள் செய்யும் செலவையும் நோட்டில் எழுதுங்கள். 2004 முதல் நடந்துவரும் மும்பை மாரத்தானிலும், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானிலும் ஓடுவது நல்ல அனுபவமே. ஆனால் பதிவுக் கட்டணம், ரயில், விடுதி எல்லாம் சேர்ந்து திரட்டிய தொகையை நெருங்கினால், உள்ளூர்ச் சாலையில் ஓடுவதே நேர்மை. உங்கள் செலவு உங்கள் பையிலிருந்து போகட்டும். நன்கொடையிலிருந்து ஒரு பனியன்கூட வாங்க வேண்டாம்.

ஆடிப்பெருக்கு முதல் தை வரை

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், முதல் ஆண்டில் அதை மறந்துவிடுங்கள். அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டரும் சிறிது கூடுதலும், போதுமானது. ஆடிப் பதினெட்டு அன்று தொடங்கினால் தை பிறக்க 23 வாரங்கள் இருக்கின்றன. அரை மணி நேரம் தொடர்ந்து நடக்கக்கூடியவருக்கு அந்தக் காலம் தாராளம். தை பிறந்த பின் அறுவடை இயந்திரங்களும் வைக்கோல் வண்டிகளும் சாலையை நிறைத்துவிடும். தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். எனவே நீண்ட ஓட்டங்களை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் ட்ரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் ஓடும்போது பையில் குளுக்கோஸ் வைத்திருப்பது கட்டாயம்.

முதல் நான்கு வாரங்கள் நடையும் ஓட்டமும் கலந்தே செல்லுங்கள். வாரம் மூன்று அல்லது நான்கு நாள் ஓடினால் போதும். அவற்றில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம், மூச்சு வாங்கிச் சொல் உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். வாரத்தின் மொத்தத் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பது பழைய நடைமுறை. மூன்று வாரம் கூட்டி, நான்காம் வாரம் குறைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது.

தூரத்தை அளக்க எனக்குக் கடிகாரத்தைவிடப் பாலங்கள் உதவின. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையில் கரந்தைப் பக்கம் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அதையடுத்து வெட்டாறு, கண்டியூரை ஒட்டிக் குடமுருட்டி, கடைசியில் காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். ஆவணியில் இரண்டாம் பாலத்தோடு திரும்பினேன். ஐப்பசியில் நான்காம் பாலம். மார்கழியில், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும் நேரத்தில், ஐந்தாவதைத் தொட்டேன். கரந்தையிலிருந்து திருவையாறு வரை சென்று திரும்பினால் அரை மாரத்தானின் தூரம் நெருங்கிவிடும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருப்பவர்களுக்கு அவரவர் பாலங்கள் இருக்கும். படுகையில் பாலத்திற்குப் பஞ்சமில்லை.

வெயிலைவிட நம் ஊரில் ஓடுபவரை வாட்டுவது காற்றில் உள்ள ஈரம். வியர்வை உலராததால் உடற்சூடு தணிவதில்லை. நாலரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது. ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாக முடியலாம். ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, தாகத்திற்கு ஏற்பக் குடியுங்கள். முடித்த பின் உப்பிட்ட நீர்மோரும் பழைய சோறும் இருக்கும்போது விலையுயர்ந்த பானங்கள் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. தொடை, அக்குள் ஆகிய உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயைவிட வாசலின் அதிக நேரம் நிற்கும்.

வாய்க்கால் கரையின் மண் முழங்காலுக்கு இதமானது; ஆயினும் இருட்டில் அங்கே ஓடாதீர்கள். நெல்வயல் ஓரங்களில் கண்ணாடி விரியன் உண்டு. ஐப்பசி மழையில் கரை சேறாகி வழுக்கவும் செய்யும். சாலையில் ஓடும்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு வலப்பக்கமாகச் செல்லுங்கள், ஒளி பிரதிபலிக்கும் பட்டையை அணியுங்கள். மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திலிருந்து ஓட்டத்தின் வழியாக மீண்டு, 2000இல் 89 வயதில் லண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடிய ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் சொந்த ஊருக்கு அருகே வாகனம் மோதித்தான் இறந்தார். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து ஓடுவதே பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்தது. நாய்கள் துரத்தினால் நின்று நடந்துவிடுங்கள். ஓடினால் அவையும் ஓடும்.

இரண்டாவது மணி நேரம்

முதல் அரை மணி நேரம் உடல் முனகும். அடுத்து வீட்டுக் கணக்கும் அலுவலகச் சண்டையும் ஓடும். ஒன்றரை மணி நேரத்திற்கு மேல்தான் மனம் பேச்சைக் குறைக்கிறது. அந்தப் பொழுதில் தானாக நினைவுக்கு வந்தவர் யார், எந்தச் செயல் என்பதை, வீடு திரும்பிக் குளிக்குமுன் அதே மொய் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். காதில் பாட்டு இருந்தால் இது நடக்காது. பன்னிரண்டு பதின்மூன்று வாரம் சேர்ந்த பிறகு அந்த வரிகளை ஒருசேரப் படித்துப் பாருங்கள். என் நோட்டில் பதக்கமும் நேரமும் இரண்டு இடங்களில் மட்டுமே இருந்தன. பேருந்து நிலையத்தின் நடைமேடை பலமுறை வந்திருந்தது. வாழ்நாளெல்லாம் ஏட்டுக் கணக்கு எழுதிய எனக்கு, வேண்டிய வேலை ஒருவருக்குத் துணையாகச் சென்று காத்திருப்பது என்பது இப்படித்தான் தெரிய வந்தது. உங்கள் நோட்டில் வேறு ஏதேனும் இருக்கும். ஓட்டம் பிடிக்கவே இல்லை, தொண்டு மட்டும் பிடித்திருக்கிறது என்றுகூட எழுதியிருக்கலாம்; அப்படியானால் ஓட்டத்தை நிறுத்திவிடுவதில் தவறில்லை.

ஓட்ட நாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அன்று புதிய காலணி, புதிய உணவு எதுவும் வேண்டாம். ஓடி முடித்த ஒரு வாரத்திற்குள், காணும் பொங்கலுக்கு வீட்டிற்கு வருபவர்கள் பார்க்கும்படி, நோட்டின் நகலையும் ரசீதுகளையும் தந்தவர் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். எத்தனை பயணத்திற்குப் பணம் சேர்ந்தது, எத்தனை பயணம் குறைகிறது என்பது அதில் இருக்க வேண்டும். எனக்குச் சென்ற முறை 11 பயணங்கள் குறைந்தன. வாரம் ஒரு நாள் நானே உடன் செல்வதென்று ஏற்றுக்கொண்டதால், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி அவர் வீட்டிலேயே நின்றது. செவ்வாய்க்கிழமை ஐந்தே கால் பேருந்து; அதனால் செவ்வாயன்று ஓட்டம் இல்லை.