ஏற்காட்டு மலைப்பள்ளி வகுப்பறையில் கைக்கணினி

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களில் பனிமூட்டமும் மழையும் நீளும் நாள்களில் மின்சாரமும் இணையமும் தடைபடக்கூடும் என்பதால், கைக்கணினி (டேப்லெட்) வழிப் பாடத்தை இணையம் இல்லாமலேயே நடத்தக்கூடியதாக முதலில் திட்டமிட வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றை, பள்ளிப் பாடங்களுக்கான அரசின் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து, வார இறுதியில் சேலத்துக்கு இறங்கும்போதோ நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்திலோ காணொளிகளைத் தரவிறக்கிக்கொண்டால், வகுப்பில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக் காத்திருக்க நேராது.

ஆளுக்கொரு கருவி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. மூன்று அல்லது நான்கு மாணவர்களுக்கு ஒன்று என்பதே, என் கணிப்பில், பேச்சையும் விவாதத்தையும் வளர்க்கிறது. ஆனால் தொடுபவர் ஒருவர், குறிப்பெழுதுபவர் ஒருவர் எனப் பொறுப்பைப் பகிர்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், துடிப்பான பிள்ளையின் கையிலேயே கருவி தங்கிவிடும். காணொளியை ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்தி, பார்த்ததைக் குறிப்பேட்டில் படமாகவோ சொந்த வாக்கியமாகவோ எழுதச் செய்யுங்கள். பள்ளியைச் சுற்றியுள்ள காப்பிச் செடியையும் மிளகுக் கொடியையும் மாணவர்களே படமெடுத்து இலையமைப்பை ஒப்பிட்டால், தாவரவியல் பாடத்துக்கு வேறு படம் தேட வேண்டியதில்லை.

ஈரம் படாத பூட்டிய அலமாரியில் கருவிகளை எண்ணிட்டு வையுங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் பேட்டரியை ஏறத்தாழ 50 சதவீதத்தில் விட்டு அணைத்துவிடுவது நல்லது.