பிரெட் பட்டர் ஜாம் கப்கேக்

பள்ளி டிபன் டப்பாவைத் திறந்ததும் ஜாம் ஊறிச் சிவந்திருக்கும் பிரெட்டின் ஓரத்தைத்தான் முதலில் கடிப்பேன். அந்த ருசி கப்கேக்கிலும் அப்படியே வரும். வெண்ணெய் மட்டும் உப்பு சேர்த்ததாக இருக்கட்டும்; பழைய ருசியே அதில்தான் இருக்கிறது.

12 கப்கேக்குக்கு 110 கிராம் வெண்ணெயையும் 130 கிராம் பொடித்த சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடியுங்கள். 2 முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, வெனிலா எசென்ஸ் சில சொட்டு விடுங்கள். 150 கிராம் மைதாவையும் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரையும் சலித்துப் போட்டு, 100 மில்லி பாலோடு மெதுவாகக் கலந்தால் போதும். காகிதக் கப்புகளில் ஊற்றி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள்.

ஜாமை மாவிலேயே வைத்துவிட வேண்டாம். கனத்தில் அடியில் இறங்கி, காகிதக் கப்பில் ஒட்டிக்கொள்ளும். கேக் நன்றாக ஆறட்டும். அப்புறம் சிறு கத்தியால் நடுவில் கூம்பாக வெட்டி எடுத்து, ஒரு டீஸ்பூன் மிக்ஸட் ஃப்ரூட் ஜாம் வைத்து, வெட்டிய துண்டின் மேல்பகுதியால் மூடுங்கள்.

மேலே பூச 100 கிராம் வெண்ணெயோடு 150 கிராம் ஐசிங் சர்க்கரை சேர்த்து 5 நிமிடம் அடித்த கிரீம். நம் ஊர் வெயிலுக்கு இளகினால், கிண்ணத்தோடு 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள்.

சரி, பிரெட் எங்கே? 2 துண்டுகளைப் பொடியாக உதிர்த்து, ஒரு ஸ்பூன் வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் பரிமாறும் நேரத்தில் கிரீம்மேல் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் நமத்துப்போகும். கடிக்கும்போது அந்த மொறுமொறுப்பு கட்டாயம் வேண்டும்.