காரைப் பொலிஸ் இழுத்துப் போன மறுநாள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் ஃபோன் அடித்தால் இரண்டில் ஒன்றுதான். ஊரில் யாரோ காலமாகியிருப்பார்கள், அல்லது சனி இரவு குடித்துவிட்டு ஓடிய யாரோ ஒரு தம்பியின் காரைப் பொலிஸ் கட்டியிழுத்துக்கொண்டு போயிருக்கும். இரண்டாவது வகை அழைப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "அண்ணை, வீட்டில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கல்யாண றிசெப்ஷன், நண்பர் வீட்டு பேஸ்மென்ட். இரண்டு கிளாஸ் என்பது நான்காகும். "கிட்டத்தானே, பத்து நிமிஷம்" என்று ஸ்ரியரிங்கைப் பிடிப்பார்கள். ஊரில் இதற்கு என்ன நடந்திருக்கும் என்பதை மறந்துவிடுங்கள். இங்கே அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன: காருக்கு 7 நாள், லைசென்ஸுக்கு 90 நாள், நீதிமன்றத்துக்கு எத்தனை மாதம் என்று யாருக்கும் சொல்ல முடியாத ஒரு காலம். எனக்கு ஃபோன் எடுப்பவர்கள் எல்லோரும் முதலாவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கார் வாசலுக்கு வந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கையில் தந்த தாள்கள்

இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம், அதாவது 0.08 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், பொலிஸின் மதுச் சோதனைக் கருவியில் ஊத மறுத்தாலும், பொலிஸ் அந்த இடத்திலேயே லைசென்ஸை 90 நாட்களுக்கு நிறுத்திவிடும். காரை 7 நாட்களுக்கு இம்பவுண்ட் பண்ணிவிடும், அதாவது தடுத்துவைத்துவிடும். நீதிமன்றத் தீர்ப்புக்காக யாரும் காத்திருப்பதில்லை. பிறகு வழக்கில் நீங்கள் வென்றாலும், அந்த 7 நாளையும் அதற்குக் கட்டிய காசையும் யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அன்றிரவு ஒரு கட்டுத் தாள் தருவார்கள். வெறி முறிந்ததும் அவற்றை மேசையில் பரப்பிப் பாருங்கள். லைசென்ஸ் நிறுத்தப்பட்ட அறிவித்தல் ஒன்று, வாகனத்தைத் தடுத்துவைத்த அறிவித்தல் ஒன்று, நீதிமன்றத்துக்கு வரவேண்டிய நாளும் கைரேகை கொடுக்கவேண்டிய நாளும் எழுதிய தாள் ஒன்று. கைரேகைக்குப் போகாமல் விடுவது தனிக் குற்றம். "கோர்ட் டேற் அடுத்த மாதம்தானே" என்று அந்தத் தாளை மடித்து வைத்தவர்களைத் தேடிப் பிடியாணை வந்த கதைகள் உண்டு. கார் எங்கே நிற்கிறது, எப்போது விடுவார்கள் என்பவற்றுக்கு இரண்டாவது தாளைப் பாருங்கள்.

அந்தத் தாள் தொலைந்துவிட்டால், உங்களை நிறுத்தியது எந்தப் பொலிஸ் என்று யோசியுங்கள். இங்கே ஒரே பொலிஸ் இல்லை. ஸ்காபரோ தெருவில் என்றால் ரொறன்ரோ பொலிஸ். ஸ்ரீல்ஸ் அவெனியூவைத் தாண்டி மார்க்கத்துக்குள் போயிருந்தால் யோர்க் பிராந்தியப் பொலிஸ். பிக்கரிங், ஏஜக்ஸ் என்றால் டுறம். 401 நெடுஞ்சாலையில் என்றால் மாகாணப் பொலிஸ். ஒவ்வொருவரும் காரை அனுப்பி நிறுத்திவைக்கும் யார்ட் வேறு. ரொறன்ரோ பொலிஸுக்கு அடித்து "என் கார் உங்களிடம் இல்லையா" என்று அரை நாள் சண்டை பிடித்த ஒருவரின் கார் யோர்க் பக்கத்து யார்டில் நின்றது. அவர் ஸ்ரீல்ஸின் வடக்குப் பக்க ஓரத்தில் பிடிபட்டிருந்தார்.

கார் உங்கள் பெயரில், ஓடியது மச்சான்

நம்மவர்கள் அதிகம் திகைப்பது இதில்தான். ஓடியவர் யாராக இருந்தாலும் தடுத்துவைப்பது காரை. இழுத்துப்போன கூலியும் நிறுத்திவைத்த கூலியும் காரின் உரிமையாளர் தலையில்தான் விழும். மச்சான் கேட்டார், சாவியைக் கொடுத்தேன், அவர் குடித்திருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லிக் காரை முன்கூட்டியே எடுக்க முடியாது. இந்த 7 நாள் தடுப்புக்கு மேன்முறையீடு கிடையாது. வேலைக்குப் போகக் கார் வேண்டும், பிள்ளைக்கு டொக்டரிடம் போகவேண்டும் என்று அழுதும் பயனில்லை. பொலிஸ் நிலையத்தில் இருப்பவருக்கு அதை மாற்றும் அதிகாரமே இல்லை. செலவான காசை ஓடியவரிடமிருந்து வழக்குப் போட்டு வாங்கும் உரிமை உரிமையாளருக்குச் சட்டத்தில் இருக்கிறது. மச்சான்மீது வழக்குப் போட்டு அந்தக் குடும்பத்தில் எப்படி இருப்பது என்பது சட்டத்தில் இல்லை. முதல் நாளே உட்கார்ந்து யார் எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

உரிமையாளருக்கான அறிவித்தல்கள் போக்குவரத்து அமைச்சிடம் பதிவாகியிருக்கும் முகவரிக்குத்தான் போகும். புதிதாக வந்தவர்கள் முதல் இரண்டு வருடத்தில் மூன்று பேஸ்மென்ட் மாறுவார்கள். முகவரி மாறினால் 6 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். சேர்விஸ் ஒன்ராறியோ இணையத்தளத்தில் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாதவரின் கடிதம் பழைய வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டிக்குள் போகும்.

வாடகைக் கார் என்றால் கம்பனி அதை எடுத்துக்கொண்டு, செலவையும் ஓட முடியாத நாட்களின் வாடகையையும் உங்கள் கிரெடிட் கார்டில் போடும். முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

யார்டும் காசும்

காரை எடுக்க முடியாவிட்டாலும் காருக்குள் இருக்கும் உங்கள் பொருளை எடுக்கலாம். பிள்ளையின் கார் சீற், மருந்து, வேலைச் சப்பாத்து, பாஸ்போர்ட், வீட்டுச் சாவி. 2024 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இழுவை வண்டி நிறுவனங்களும் வாகனம் நிறுத்திவைக்கும் யார்டுகளும் மாகாணத்தின் சான்றிதழ் பெற்றுத்தான் இயங்கலாம். அலுவலக நேரத்தில் நீங்கள் போனால் உங்கள் சொந்தப் பொருளை எடுக்கக் காசு கேட்கக் கூடாது. கேட்டால், எந்தக் கட்டணப் பட்டியலில் அது இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் அறவிடக்கூடிய உச்சக் கட்டணங்கள் போக்குவரத்து அமைச்சிடம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேலே வாங்க முடியாது. "காஷ் மட்டும்தான்" என்பதும் செல்லாது. டெபிட், கிரெடிட் கார்ட்டையும் ஏற்க வேண்டும். விபரமாக எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தடுமாறும் ஆள் என்று தெரிந்தால் வாய்க்கு வந்த தொகையைச் சொல்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம்.

பில்லில் இழுத்த கூலி, ஒவ்வொரு நாளுக்குமான நிறுத்தக் கூலி, அதன்மேல் 13 வீத எச்எஸ்ரி வரி இருக்கும். பொலிஸ் தடுப்பு 7 நாள் என்றாலும், யார்டின் மீற்றர் கார் வெளியே போகும் வரை ஓடும். எட்டாவது நாள் நீண்ட வார இறுதியில் வந்து யார்ட் பூட்டியிருந்தால் ஒன்பதாவது, பத்தாவது நாளுக்கும் நீங்கள்தான். விடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஃபோன் அடித்து, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், என்னென்ன கொண்டுவர வேண்டும், மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாகக் கேட்பவை: தடுத்துவைத்த அறிவித்தல், காரின் ஓனர்ஷிப் (பதிவுப் பத்திரம்), நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ் சீட்டு, உரிமையாளரின் படம் போட்ட அடையாள அட்டை. உரிமையாளர் வர முடியாவிட்டால், இன்னாருக்குக் கொடுக்கலாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம். ஓனர்ஷிப் காரின் டாஷ்போர்ட்டுக்குள் இருக்கிறதென்றால் முன்பே போய் எடுத்துவிடுங்கள்.

பழைய கார்தானே, இரண்டாயிரம் டொலர் பெறாது, கிடக்கட்டும் என்று விடுபவர்களும் உண்டு. நிறுத்தக் கூலிக்காகக் காரின்மேல் யார்டுக்கு உரித்து இருக்கிறது. கடன் 60 நாள் கட்டப்படாமல் இருந்தால், முறைப்படி அறிவித்தல் அனுப்பிவிட்டுக் காரை விற்கலாம். காரை லோனில் எடுத்திருந்தால் கார் போன பிறகும் லோன் உங்களோடுதான். விடுவதாக இருந்தாலும், யார்டோடு பேசி எழுத்தில் ஏதாவது முடிவெடுத்துவிட்டு விடுங்கள்.

வீட்டுக்குச் சொல்லப் பயந்து மூன்று வாரம் ஒளித்துவைத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். கார் மெக்கானிக்கிடம் நிற்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தான். அந்த மூன்று வாரமும் யார்டின் மீற்றர் ஓடியது. அம்மாவுக்குப் பிறகு எப்படியும் தெரிந்தது; இன்சூரன்ஸ் கடிதத்தைத் திறந்தவர் அவர்தான்.

எட்டாவது நாள் சாவியை யார் வாங்குவது

இந்த ஒரு பந்தியையாவது கவனமாக வாசியுங்கள். கார் எட்டாவது நாள் வெளியே வருகிறது. உங்கள் லைசென்ஸ் 91ஆவது நாள்தான். யார்டில் காசைக் கட்டிச் சாவியை வாங்கி, "மெதுவாக உள் ரோட்டால் போய்விடுவேன்" என்று நீங்களே ஓடினால், நிறுத்தப்பட்ட லைசென்ஸில் ஓடிய குற்றம். முதல் தடவைக்கே 1000 முதல் 5000 டொலர் வரை அபராதம், லைசென்ஸுக்கு மேலும் 6 மாதம், காருக்குத் திரும்பவும் 7 நாள். அதே யார்டுக்குக் கூடப் போகலாம். ஆகவே முழு லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜி1, அதாவது முழு லைசென்ஸுக்கு முந்திய இரண்டு படிகளில் (ஜி1, ஜி2) முதலாவதை, வைத்திருப்பவர் தனியாக ஓட முடியாது. ஊர் லைசென்ஸும் இங்கே குடியேறி 60 நாள் வரைதான்.

90 நாள் முடிந்தாலும் லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது. 550 டொலர் தண்டப்பணம், அதோடு லைசென்ஸை மீளப் பெற 281 டொலர்; இரண்டையும் கட்ட வேண்டும். அதன் பிறகும் வழக்கில் குற்றவாளி என்று தீர்ந்தால், முதல் தடவைக்கு மாகாணம் குறைந்தது ஒரு வருடம் லைசென்ஸை எடுத்துவிடும். ஓடத் தொடங்கும்போது காரில் ஊதினால்தான் இயங்கும் பூட்டுக் கருவியும் பூட்டவேண்டி வரும்.

0.05இலிருந்து 0.08க்குள் என்றால் குற்றவியல் வழக்கு இல்லை. முதல் தடவை 7 நாள் லைசென்ஸ் நிறுத்தமும் 250 டொலரும். ஓட வேறு ஆள் இல்லாவிட்டால் அப்போதும் காரை உங்கள் செலவில் இழுப்பார்கள். ஜி1, ஜி2 வைத்திருப்பவர்களுக்கும் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் அளவு பூச்சியம். புதிதாக வந்தவர்களில் பலர் ஜி2தான், ஐம்பது வயது அண்ணைமாரும் சேர்த்து. ஊரில் முப்பது வருடம் லொறி ஓடினேன் என்பதற்கு இங்கே மதிப்பில்லை.

காரைவிடப் பெரியது

இப்போது நான் ஃபோனில் கடைசியாகச் சொல்வது. 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 10 வருடச் சிறை. முதல் தடவை பிடிபடும் யாருக்கும் 10 வருடம் கொடுக்க மாட்டார்கள். பலருக்கு 1000 டொலருக்குக் குறையாத அபராதத்தோடு முடியும். ஆனால் குடிவரவுச் சட்டம், கிடைத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. கிடைக்கக்கூடிய உச்சத் தண்டனையையும் பார்க்கிறது. 10 வருடம் என்பதால் இது பாரதூரமான குற்றம் என்ற பட்டியலுக்குள் போகிறது. நிரந்தர வதிவிடம் பெற்றவர், மாணவர், வேலை அனுமதியில் இருப்பவர் எல்லோருமே நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கும் நிலைக்குப் போகலாம். குடியுரிமைக்கு விண்ணப்பித்தவருக்கு, குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும் வரை அது கிடைக்காது.

"அபராதம்தானே, குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வேலையைப் பார்" என்று சொல்லும் நண்பர் அநேகமாகச் சிற்றிசன். அவருக்கு அது சரி. உங்களுக்குச் சரியில்லை. முதல் நீதிமன்றத் தவணைக்கு முன்பே குற்றவியல் லோயர் ஒருவரைப் பாருங்கள். உங்கள் வதிவிட நிலை என்ன என்று முதல் வாக்கியத்திலேயே அவரிடம் சொல்லுங்கள். பரலீகல் (லோயர் அல்லாத சட்டப் பிரதிநிதி) பார்க்கும் வழக்கல்ல இது. வேகமாக ஓடிய ரிக்கெற் போல நினைக்காதீர்கள். வசதி இல்லையென்றால் லீகல் எயிட் ஒன்ராறியோவில் விசாரியுங்கள். நீதிமன்றத்திலேயே கடமைச் சட்டத்தரணி இருப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. "ஓரளவு விளங்கும்" என்ற ஆங்கிலத்தோடு குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னும் இரண்டு தவறான நம்பிக்கைகள் நம்மிடையே சுற்றுகின்றன. ஊதாமல் விட்டால் ஆதாரம் இல்லை என்பது ஒன்று. ஊத மறுப்பதே குற்றம், அதற்குக் குறைந்த அபராதம் 2000 டொலர். குடித்த வாசனை இல்லாவிட்டாலும் சட்டப்படி நிறுத்திய வாகனத்தின் ஓட்டுநரை ஊதச் சொல்லலாம். தெருவோரத்தில் வைத்து "லோயரோடு பேசிவிட்டு ஊதுகிறேன்" என்பதும் மறுப்பாகவே முடியும். லோயரோடு பேசும் உரிமை பொலிஸ் நிலையத்தில் வரும், அங்கே கட்டாயம் பயன்படுத்துங்கள். மற்றது, காரில் படுத்துத் தூங்கிவிட்டுப் போவது. ஜனவரிக் குளிரில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு ட்ரைவர் சீற்றில் சாய்ந்திருப்பவரையும், கார் ஒரு அடி நகராவிட்டாலும், வாகனத்தை இயக்கியவராகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஓடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்று நிரூபிப்பது பிறகு உங்கள் வேலை. விருந்து வீட்டுச் சோபாவில் படுங்கள்.

காரை எடுக்கும் நாளுக்குத் திரும்பி வருகிறேன். கையெழுத்துப் போடுமுன் காரைச் சுற்றி நடந்து, நாலு பக்கமும் ஃபோனில் படம் எடுங்கள். இழுக்கும்போது பம்பர் கிழிந்திருக்கலாம். வெளியே வந்த பிறகு சொன்னால் எடுபடாது. குளிர்காலம் என்றால் பற்றரி செத்திருக்கும், கண்ணாடியில் பனி இறுகியிருக்கும். பூஸ்ரர் கேபிள், பனி சுரண்டும் பிரஷ், வைப்பர் தண்ணீர் கொண்டு போங்கள். பெரும்பாலான யார்டுகள் பஸ் ஒழுங்காகப் போகாத தொழிற்சாலைப் பக்கத்தில் இருக்கின்றன. உங்களை இறக்கிவிட்ட நண்பர் கார் ஸ்ரார்ட் ஆகும் வரை அங்கேயே நிற்கட்டும்.